அரிசி ஆலை சர்வருக்கு ஆயுத பூஜை

பாப்பா, தம்பி, நம் தெருவில் முக்கால்வாசி அப்பாக்கள் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்தபோது அப்பா மட்டும் ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டீர்கள். சாப்பாட்டு நேரம், ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒரு ஆயுத பூஜைதான் காரணம்.

தம்பி அப்போது கைக்குழந்தை. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தபடியே லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டு, தனியாகத் தொழில் பண்ண வந்திருந்தேன். மாதாமாதம் நிச்சயமாக வருமானம் தந்தது திருப்பனந்தாள் போகிற சாலையில் இருந்த ஒரு அரிசி ஆலை மட்டும்தான். அதன் வருஷ ஒப்பந்தம் பூஜையோடு முடிகிறது. அதே சமயம் உங்கள் மாமா மஸ்கட்டில் எனக்கு விசா பார்த்து வைத்துவிட்டு, "பூசை முடிஞ்சதும் ஒரு முடிவச் சொல்லிடு மாப்ள, இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று போனில் சொன்னார். ஆலை என்னைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் கிளம்புவது என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம்.

ஆலையில் ஒரு சர்வர் இருந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டர், கணக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடும். எந்த லாரியில் எவ்வளவு நெல் வந்தது, யாருடைய நெல், எல்லாம் அதற்குள்தான். சாக்கு அடுக்குக்குப் பின்னால் தவிட்டுத் தூசியில் வருஷக்கணக்காக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஆபீசைப் புதுப்பித்துக் கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். சாக்குகள் போய்விட்டன. முதலாளியின் நாற்காலியிலிருந்து பார்த்தால் சர்வரின் விளக்கு நேராகத் தெரியும்.

"ஏன் தம்பி, அது எப்பவும் எரிஞ்சிக்கிட்டேதான் இருக்குமா?"

"ஆமாங்க முதலாளி. அது நிக்கக் கூடாதுங்க."

"ஆயுத பூசைக்குக் கூடவா?"

"போன வருசமும் ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சி."

"போன வருசம் என் கண்ணுல படல. பாய்லரையே அணைக்கிறோம் தம்பி. இது என்ன பாய்லரவிடப் பெருசா?"

அந்தப் பெட்டியின் டிஸ்க்கில் சில நாளாக ஒரு கீச்சுச் சத்தம், தேய்ந்த பேரிங் மாதிரி. நிற்காமல் சுற்றிப் பழகின டிஸ்க்கை அணைத்து ஆறவிட்டால் மறுபடி சுற்றாமலே போகலாம். அதைச் சொன்னேன்.

"அப்ப அணைச்சா செத்துடுங்கறீங்க."

"போனாலும் போயிடுங்க."

கணக்குப் பார்க்கிற அக்கா பேனாவை மூடினார். "நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சப் பாருங்க முதலாளி. எங்க மாதா கோயில்ல அதுக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லுவார் போலருக்கு."

முதலாளி பூஜையை விடுவதாக இல்லை. அது அவர் அப்பா காலத்துப் பழக்கம். அதனால் வேறு வழி யோசித்தேன். நான் பழகிப் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்தேன். அதை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, வண்டியில் வைத்து ஆலைக்குக் கொண்டுபோனேன். லினக்ஸ் போட்டேன். அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கினேன். அதாவது, ஒரு கம்ப்யூட்டர் தன் நினைவகத்திலும் டிஸ்க்கிலும் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுக்க, அதற்குள்ளேயே இன்னொன்று தனிக் கம்ப்யூட்டராக ஓடும். பழைய சர்வரை அப்படியே நகலெடுத்து அங்கே குடியேற்றிவிட்டால், பெட்டி போனாலும் கணக்கு போகாது.

பூஜைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைசி நெல் லாரி எடை போட்டுப் போன பிறகு நகலை ஆரம்பித்தேன். கீச்சுச் சத்தம் கூடிற்று. பாதியில் ஒரு இடத்தில் படிக்க முடியாமல் நின்றது. மறுபடி படிக்கச் சொன்னேன், திணறித் திணறி நகர்ந்தது. எல்லாம் முடிந்து உள்ளே இருப்பதை எழுப்பினால், அது தன்னுடைய பழைய நெட்வொர்க் கார்டைத் தேடிக்கொண்டு நின்றது. புது வீட்டில் அது ஏது? அந்தக் கார்டின் விவரம் இருந்த ஃபைலைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினேன். அப்புறம் பழைய பெயரோடு திரையில் வந்து, "யார்?" என்பதுபோல லாகின் கேட்டது. எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இப்ப அது எங்க இருக்கு?"

"இதுக்குள்ளங்க."

"சரி. உள்ள இருக்கறதுக்குப் பொட்டு எங்க வைக்கறது?"

அக்கா சொன்னார்: "வயித்துப் பிள்ளைக்குத் தனியாவா பொட்டு வைப்பாங்க? தாய்க்கு வச்சா சரியாப்போச்சு."

பூஜையன்று உள்ளே இருப்பதை முதலில் அணைத்தேன், அப்புறம் அதைச் சுமக்கிற பெட்டியை, கடைசியில் பழைய சர்வரை. கீச்சுச் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு பெட்டிக்கும் சந்தனம், குங்குமம். "காத்து போற ஓட்டையில வேணாங்க" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிகடலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் முதலாளி பக்கத்திலேயே வந்து நின்றார். "முதல்ல பழசப் போடுங்க."

பொத்தானை அழுத்தினேன். டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. சர்வர் நல்லபடியாக எழுந்தது. எடைமேடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, செத்துடும்னீங்க. என்னைவிடத் தெம்பால்ல இருக்கு."

"போனாலும் போயிடும்னுதாங்க சொன்னேன்."

"பேச்ச நல்லா அளந்துதான் பேசறீங்க."

பயங்காட்டிக் காரியம் பார்க்கிறவன் என்று நினைத்திருப்பார், மஸ்கட்தான் இனி என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, எதுல ஓட்டப்போறோம்? பழசுலயா, புதுசுலயா?"

பழையதிலேயே ஓட்டலாம் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும். வாய் வரவில்லை. "புதுசுலங்க. இன்னிக்கு எழுந்திரிச்சிச்சி. இன்னொரு நாள் எழுந்திரிக்கும்னு நான் சொல்ல மாட்டேங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம பாய்லர் ஆள் இருக்கான் பாருங்க. ஒண்ணும் ஆவாதுன்னு நாம சொன்னாலும் போயிப் போயி மீட்டரப் பார்ப்பான். அவன வச்சிருக்கறதாலதான் நான் வீட்ல தூங்கறேன்." என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசமும் நீங்களே பாத்துக்குங்க. பழசக் கழட்டி ஓரமா வச்சிடுங்க."

அந்தப் பழைய பெட்டியை அன்றைக்கு அணைத்ததோடு சரி. திரும்பப் போட்டுப் பார்க்கவே இல்லை. அது இன்னொரு முறை எழுந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். கீழே தண்ணீர் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. போனை எடுத்து, "மச்சான், அந்த விசாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று அடித்து மாமாவுக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததாகக் காட்டும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வண்டியை உதைத்தேன்.