பேதி மருந்து கேட்டு வந்தவர்

சென்னையில் கம்பவுண்டர் பயிற்சி முடித்து ராசிபுரம் திரும்பியபோது, யாருக்கு, என்ன தொந்தரவு என்று கேட்காமல் இனி மருந்து கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கடை என் அக்காவின் கணவருடையது. பயிற்சிக்கு முன்பும் அங்கேதான் இருந்தேன். கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் அப்போது வேலை.

பயிற்சியின்போது ஒரு நாள் எங்களை அறுவை வார்டுக்கு அழைத்துப் போனார்கள். ஓர் இளைஞன் வயிறு உப்பிக் கிடந்தான். குடல்வால் வீங்கியிருந்தது தெரியாமல் பேதி மருந்து வாங்கிக் குடித்திருக்கிறான், உள்ளே வெடித்துவிட்டது. "விற்றவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் டாக்டர். மறுநாள் அந்தக் கட்டில் காலி.

ஊருக்கு வந்த புதிதில் எல்லோரையும் கேட்டேன். குழந்தைக்கா, பெரியவருக்கா? காய்ச்சல் உண்டா? சனங்களுக்குப் பிடிக்கவில்லை. மருந்து வாங்க வந்தால் போலீஸ் விசாரணையா என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். மாமாவும் பொறுக்கவில்லை.

"மாப்ளே, படிச்சதைப் பட்டணத்தோட வெச்சுக்க. சந்தை நாள்ல ஆளுங்களைச் சீக்கிரம் அனுப்போணும்."

சந்தைக் கூட்டத்தில் என் கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. கேட்க நினைப்பேன், அதற்குள் கை சீசாவை எடுத்து வைத்திருக்கும். வாங்கிப் போனவரின் முதுகைப் பார்த்தபடி நிற்பேன். அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அப்படி ஒரு சந்தை நாளில் வெண்ணந்தூர் நெசவாளி ஒருவர் வந்து பேதி மருந்து கேட்டார். தாளில் சுற்றி நீட்டும்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். தூங்காமல் சிவந்திருந்தன.

"யாருக்குங்க?"

"ஊட்டுக்காரிக்குங்க. நேத்திருந்து வயித்துவலி."

"வாந்தி?"

"எடுத்துட்டே இருக்கா. ஒடம்பும் அனலாக் கொதிக்குது."

"வலி எந்தப் பக்கம்?"

தன் வயிற்றின் வலது அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். சீசாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"இதைக் குடுக்காதீங்க. உசுருக்கே ஆபத்து. உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"போன மாசம் எனக்கு ஒண்ணும் கேக்காமத்தானுங்க குடுத்தீங்க?" என்று முறைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்தவருக்குத் தைலம் எடுத்தேன். மனம் அதில் இல்லை. கடைவீதிக் கோடியில் இன்னொரு மருந்துக் கடை உண்டு. தைலத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பின்னால் மாமா கத்துவது கேட்டது.

நான் போவதற்குள் அவர் அங்கே வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். அதைக் கொடுக்க வேண்டாம் என்று வழிமறித்தேன்.

"நீங்க என்ன டாக்டருங்களா?"

"இல்லீங்க. ஆனா இதைக் குடிச்சுச் செத்தவனைக் கண்ணால பார்த்திருக்கேன். நானும் கூட வாரேன். வாங்க."

அவர் மடியிலிருந்த சீசாவை எடுத்து என் கையில் வைத்தார்.

வெண்ணந்தூர் போய் அவர் மனைவியைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினோம். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் கரி வாயுவில் ஓடியது. மேடு வந்தால் இரைத்துக்கொண்டு நின்றுவிடும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பெண் பல்லைக் கடித்து முனகினாள். வெறும் வயிற்றுவலியாக இருந்துவிட்டால் இந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? குடல்வாலாக இருந்து, பஸ் இங்கேயே நின்றுவிட்டால்? உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

சேலத்தில் பார்த்தவுடனே அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள். குடல்வால்தான். வெடிக்கும் நிலையில் இருந்ததாம். அவள் பிழைத்தாள்.

அதன் பிறகு அந்த நெசவாளி எங்கள் கடைக்குத்தான் வருவார். நான் வாயைத் திறக்கும் முன்பே யாருக்கு, என்ன வயது, எங்கே வலி எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். நானும் எவ்வளவு கூட்டமானாலும் கேட்காமல் கொடுப்பதில்லை. மாமா மட்டும் மாறவில்லை. நான் இல்லாதபோது கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பார். கல்யாணம், காரியம் என்று எங்கே போனாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. பந்தியில் பாதியிலேயே எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவேன்.