மிலானோவிலிருந்து வந்த அழைப்பு

என் தங்கையின் சட்டப் படிப்பைக் கெடுத்தவள் நான்தான்.

ஆறு ஆண்டுகளாக இதை மறைத்து வைத்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு எத்தனையோ சில்லறைப் பாவங்களை ஒப்புவித்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதேயில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற துணிவுதான், வேறென்ன!

ஜெசிந்தா என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அம்மா இறந்தபின் மன்னாரிலிருந்து அவளை, இத்தாலியில் நான் இருந்த பலெர்மோவுக்கு எடுப்பித்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. கால்சா என்ற பழைய குடியிருப்பில் ஓர் அறையும் குசினியுமாக எங்கள் வீடு. பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு விதவைச் சிஞ்ஞோராவிடம், அந்த இத்தாலிய அம்மாவிடம், எனக்கு வீட்டுவேலை.

பதினான்கு வயதில் அவள் எனக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வாதாடினாள். என் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க இன்னொரு தாள் வேண்டுமென்று அலுவலர் என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். அது தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறதே என்று இவள் நின்றுகொண்டாள். அவர் எழுந்துபோய் யாரிடமோ கேட்டுவந்து முத்திரை குத்தினார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள், சட்டம்தான் படிப்பதென்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. மிலானோவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்துக்குப் புலமைப்பரிசில் தருவதாக எழுதியிருந்தது. வடக்கே ஒரு சிறு நகரத்துப் பல்கலைக்கழகமோ முழுக் கட்டணமும் விடுதி அறையும் தருவதாக எழுதியது. ஆனால் அவள் மனம் மிலானோவில் கிடந்தது. குடியேறிகளுக்கான சட்டத்தை அங்கேதான் ஆழமாகப் படிப்பித்தார்கள்.

என்ன செய்தாள் தெரியுமா? மிலானோவுக்குக் கடிதம் எழுதினாள். மற்றவர்கள் இவ்வளவு தருகிறார்கள், வெள்ளிக்கிழமை வரைதான் தவணை, நீங்களும் அவ்வளவு தந்தால் உங்களிடமே வருகிறேன் என்று! நான் பயந்து கேட்டேன்.

"உப்பிடிக் கேக்கலாமோ பிள்ளை? கோவிக்கமாட்டினமோ?"

"இது பிச்சை இல்லை அக்கா. எனக்கு அவை வேணும், அவைக்கும் நான் வேணும். எல்லாரும் கேக்கிறவைதான்."

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் வேலைக்குப் போகும் வீட்டில் சம்பளம் பேசமாட்டார்கள். எவ்வளவு வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டால், "நீங்கள் பார்த்துத் தாருங்கள்" என்று தலையைக் குனிந்துகொள்வோம். அப்படிச் சொன்னவளுக்கு மனமிரங்கிக் கூட்டியும் கொடுப்பார்கள். இவ்வளவு வேண்டும் என்று கேட்டவளுக்குக் கதவைச் சாத்துவார்கள். நான் இந்த நகரத்தில் பிழைத்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. என் சிஞ்ஞோராவின் இலக்கத்தையே ஜெசிந்தா கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை, நான் இஸ்திரிப் பெட்டியால் துணி அழுத்திக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. மிலானோ! அலுவலகப் பெண்ணின் குரல் தேனாக இருந்தது. ஜெசிந்தாவின் அக்காவா என்று கேட்டாள். தொகையை உயர்த்தாவிட்டால் உங்கள் தங்கை மற்ற இடத்துக்குப் போய்விடுவாரா, அல்லது எங்களிடமே வருவாரா என்று கேட்டாள்.

அவள் வந்து பதில் சொல்வாள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஐயோ, அதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்! நான் சொன்னது வேறு. "வேறெங்கும் போகமாட்டாள். நீங்கள் பார்த்துத் தருவதைத் தாருங்கள். எப்படியும் வருவாள்."

அந்தப் பெண் மகிழ்ந்துபோய் நன்றி சொன்னாள். அந்த மகிழ்ச்சியைத்தான் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சிலுவை அடையாளம்கூடப் போட்டுக்கொண்டேன்... மூடத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மாலையில் ஜெசிந்தா கேட்டாள், "ஆரேனும் ரெலிபோன் எடுத்தவையோ அக்கா?"

"இல்லை, ஒருத்தரும் எடுக்கேல்லை."

ஏன் பொய் சொன்னேன்? ஏன் கெஞ்சினீர்கள் என்று கோபிப்பாள் என்ற பயம். நல்ல கடிதம் வந்ததும் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிறு நகரத்துக்குச் சம்மதத் தந்தி அடிக்கப் புறப்பட்டவளை வாசலில் மறித்தேன்.

"பொறு பிள்ளை. மிலானோ தரும்."

"எப்பிடித் தெரியும்?"

"மாதாவிட்டை கேட்டனான். எனக்கு மனசிலை படுது."

பொய்க்கு மாதாவையும் இழுத்தேன். அவள் என்னை நம்பிச் சப்பாத்தைக் கழற்றினாள்.

பத்து நாள் கழித்து மிலானோவின் கடிதம் வந்தது. அன்போடு வரவேற்கிறோம், ஆனால் தொகையை உயர்த்த இயலாது. அவள் தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடிச் சிறு நகரத்தை அழைத்தாள். அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. மிலானோவின் மீதிப் பாதிக்கு எங்களிடம் வழியில்லை.

திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கூடுதலாக் கேட்டிட்டன் அக்கா. என்ரை வாய்க்கொழுப்பு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அவள் தலையைத் தடவி, "பரவாயில்லை பிள்ளை" என்றேன். கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்... நான்!

பிறகு பலெர்மோப் பல்கலைக்கழகத்திலேயே பதிந்தாள். வேலை செய்துகொண்டு படிக்கலாம் என்றாள். இரண்டு பரீட்சையோடு அது நின்றது. இப்போது பக்கத்து ஊரான பகேரியாவில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் ரயிலில் போய் வருகிறாள். ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் மண்டபத்தில் எங்கள் சனத்தின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறாள்.

நான் செய்தது அறியாமைதானா? அவள் போனால் அந்த அறையில் நான் ஒற்றையாகக் கிடப்பேன் என்ற பயம், வாசலில் அவளை மறித்த கையில் இருக்கவில்லையா? தெரியவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லி வருகிறேன். அதுவும் பொய்யோ என்னவோ!

போன ஞாயிறு ஒரு பிள்ளை அவளிடம் வந்தாள். பள்ளியை முடித்தவள். அவள் கையிலும் இரண்டு கடிதங்கள்.

"அக்கா, மற்றவை கூடுதலாத் தருகினம் எண்டு இவைக்கு எழுதிக் கேக்கவோ?"

ஜெசிந்தா கடிதங்களை மடித்து அவளிடமே கொடுத்தாள். "வேண்டாம் பிள்ளை. தாறதை வாங்கிக்கொண்டு போ. நான் கேட்டுத்தான் கெட்டனான்."

நான் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் தங்கையை இழப்பேன். இந்தப் பிள்ளையாவது தப்பும். அந்தப் பிள்ளை கடிதங்களைப் பைக்குள் வைத்தாள்.

வாயைத் திறந்தேன்.

"சீனி காணுமோ, இன்னும் போடவோ பிள்ளை?" என்று கேட்டேன்.