நாலடி ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கதிரை

நான் நாலடி ஒன்பது அங்குலம். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தேன். கால் நிலத்தில் படாத கதிரையில் இருந்து, ஒரு பழைய பார்சல் பெட்டியில் பாதத்தை வைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன். உடுப்பிட்டியில் உள்ள எங்கள் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. ஆனால் கதிரைகள் கணவர் வீட்டிலிருந்து வந்தவை. அவர்கள் எல்லோரும் ஆறடி ஆட்கள். அந்தக் கதிரைகளில் முதுகைச் சாய்த்தால் எனக்கு முழங்கால் மடியாது. முழங்காலை மடித்தால் முதுகு சாயாது. இத்தனை வருடமும் விளிம்பில்தான் இருந்தேன்.

ஓய்வு பெற்ற வருடம் மாரியில் வளவு வேம்பின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து விழுந்தது. மரக்காலையில் அதைப் பலகையாக அரிந்து, கொட்டிலுக்குள் ஒரு வருடம் காயவிட்டேன். பிறகு பலகைகளை ஊரிலுள்ள ஒரு தச்சு வேலைக்காரரிடம் கொண்டுபோய், எனக்கு ஆடும் கதிரை ஒன்று வேண்டும் என்றேன். கணவரும் கூட வந்திருந்தார்.

"செய்யலாம் அக்கா. உங்களுக்கு உயரமெண்டால் காலிலை ரெண்டு இஞ்சி அரிஞ்சு விடுறன்."

"காலைக் குறைச்சால் காணாது, தம்பி. இருக்கிற இடத்தின்ரை ஆழத்தையும் குறைக்கோணும். கைபிடியும் பதியோணும்."

"ஒரு கதிரைக்கு அளவு எண்டு ஒண்டு இருக்குதெல்லோ."

"அந்த அளவு ஆரின்ரை உடம்பிலை எடுத்தது?"

தச்சர் என்னை விட்டுத் திரும்பினார். கணவரைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் சொல்லி விளங்கப்படுத்துங்கோ" என்றார். கணவர் தலையாட்டினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. வந்த லான்ட்மாஸ்டர் வண்டியிலேயே பலகைகளைத் திரும்ப ஏற்றச் சொன்னேன்.

"இனி என்ன செய்யப்போறீர்?" என்று வழியில் கணவர் கேட்டார்.

"நானே செய்யப்போறன்."

"உமக்கு விசரோ?"

"ஓம்" என்றேன்.

வாள், உளி, சீவுளி எல்லாம் வாங்கினேன். தொலைபேசியில் முன்பின் தெரியாத பாஷைக்காரரின் வீடியோக்களைப் பார்த்தேன். பேச்சு விளங்காது, கை விளங்கும். மதில் கட்டி மிஞ்சிய மணல் குவியலை நனைத்து, அதில் சாய்ந்து இருந்து பார்த்தேன். எழுந்தபோது என் முதுகின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. ஒரு காட்போட் மட்டையை அந்த வளைவுக்கு வெட்டிச் சரிபார்த்தேன். சாய்வுச் சட்டங்கள் எல்லாவற்றையும் அந்த மட்டையை வைத்துத்தான் அரிந்தேன். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அடியில் வரும் இரண்டு வளைந்த கட்டைகள்தான் என்னை வருத்தின. சீமெந்து நிலத்தில் ஆணி அடித்து, இரண்டரை அடிக் கயிற்றில் சோக்குக் கட்டி வட்டம் கீறி, அந்த வளைவில் வெட்டினேன். பூட்டி ஏறி இருந்து ஒரு ஆட்டம் ஆடினேன். கதிரை பின்னால் கவிழ்ந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முழங்கை உரிந்து இரத்தம்.

கணவர் ஓடிவந்து தூக்கினார். பயத்தில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உதைக் கொத்தி அடுப்புக்கு வையும்!"

"கொத்திறதெண்டால் முதல் என்னைக் கொத்துங்கோ."

அடுத்த நாள் காலை கயிற்றை மூன்றரை அடியாக்கி மறுபடி கீறினேன். வளைவு தட்டையானது. கட்டைகளின் பின்பக்க வாலையும் ஒரு சாண் நீட்டிவிட்டேன். புதுக் கட்டைகள் வெட்ட ஒரு கிழமை போனது. இரண்டாவது முறை ஏறியபோது கணவர் சொல்லாமலே வந்து பின்னால் நின்றார். பிடிக்க வேண்டி வரவில்லை. பாதம் இரண்டும் முழுதாக நிலத்தில் இருக்க, முதுகு முழுதாகச் சாய்ந்திருக்க, கதிரை மெல்லப் போய் மெல்ல வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு அது புதிது. சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இடது கைபிடி மூட்டில் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது. நான் அதை அடைக்கவில்லை.

போன மாதம் கணவரின் தமையனார் கோப்பாயிலிருந்து வந்தார். அவர் வந்தால் நான் எழும்பி இடம் விட்டு, குசினிக்குள் போய்விடுவது வழக்கம். யாரும் சொல்லித்தந்ததில்லை, அப்படியே நடந்து வந்தது. அன்று நான் பேப்பர் படித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று என்னையும் கதிரையையும் பார்த்தார். நான் எழும்புவேன் என்று காத்து நின்றார்.

"வாங்கோ அத்தான். அங்கை கதிரை கிடக்கு, இழுத்துப் போட்டு இருங்கோ" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.