கொய்னா என்று நான் ஊற்றிய பீர்

பாரோய் பட்டணத்தில் இருக்கும் என் மகன் பீர் குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, இந்தியா பேல் ஏல் என்றால் என்னவென்று தொண்ணூறு தாண்டிய எனக்குப் பாடம் எடுக்கிறான். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் மணக்குமாம், ஒன்று பழச்சாறு மாதிரி கலங்கலாம், ஒன்று அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வகை, நல்ல கசப்பாம். அட போடா! அந்தக் கசப்பை உங்கப்பாவுக்கு ஊற்றிவிட்டவளே நான்தான்.

அப்போது நாங்கள் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறி ஓடிவிட்டார். ஆளாளுக்குப் பங்களாவிலிருந்து நாற்காலி, பீங்கான் என்று தூக்கினார்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு பெட்டி பீர். கள்ளுக்குப் பழகின சனம் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பியது. பங்களாவில் சமைத்த அண்ணன்தான் விவரம் சொன்னார். சீமையிலிருந்து நம் இந்தியாவுக்குக் கப்பலில் மாதக்கணக்கில் போன பீர் வகையாம் இது. வழியில் கெட்டுப்போகாமலிருக்க ஹாப்ஸ் என்று ஒரு பூவை அள்ளிப் போடுவார்களாம், கசப்பு அதனால்தானாம்.

என் மனதில் நின்றது கசப்பு மட்டும்தான். குளிர்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கொய்னாவும் இப்படித்தானே கசக்கும்? கொய்னா கிடைக்காத காலம், வீட்டுக்காரருக்கோ காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இதுவும் மருந்துதான் என்று குப்பிகளைப் பரணில் ஏற்றி வைத்தேன்.

ஒருநாள் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து, ஆம்பிளைகள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றால் ஜப்பான்காரர்கள் அரிசி தருவார்கள் என்று சொல்லிப்போனார். மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாக்கு செத்துப்போயிருந்தோம். விடிந்தால் இவருக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. எப்படியும் எழுப்பி அனுப்பிவிட வேண்டுமென்று, வெறும் வயிற்றில் இரண்டு குப்பி ஊற்றிவிட்டேன்.

மனுசன் சுவரைப் பிடித்து எழுந்தார், வாந்தி எடுத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தோட்டமே அரிசி வாங்கப் போகிறது, இவர் மட்டும் குறட்டை விடுகிறாரே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அரிசியுமில்லை, ஒன்றுமில்லை. பெரட்டில் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வீடு வீடாகப் பார்த்து வந்த ஜப்பான் சிப்பாய் எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்தான். வாந்தியில் கிடந்தவரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டு அண்ணன் அன்று போனவர்தான், திரும்பவே இல்லை. நான் அவர் பெண்சாதியைக் கட்டிக்கொண்டு அழுதேன். உள்ளே வந்து என் புருசன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சண்டை முடிந்து மகன் பிறந்தான். இவரும் நன்றாக வாழ்ந்து, நரைத்து, வீட்டில் படுத்துக் கண்ணை மூடினார். வருசா வருசம் அவர் படத்துக்கு முன்னால் மீன் குழம்பும் சுருட்டும் படைப்பேன், கூடவே ஒரு தம்ளர் கசப்பு பீரும். அந்தப் பீர் என்றாலே கடைசிவரை முகத்தைச் சுளித்தவர் அவர்.

இந்த வருசம் மகன் கேட்டேவிட்டான்: "அப்பாவுக்குத்தான் இது பிடிக்காதேம்மா?"

"உங்கப்பாவுக்கு யாருடா வெச்சா? அன்னிக்கு அவர எந்திரிக்க விடாம படுக்க வெச்சுச்சே, அந்தப் பீருக்கு வெச்சேன். அது இல்லேன்னா நீ ஏதுடா?"

அவன் குப்பியை எடுத்துப் படத்துக்கு முன்னாலிருந்த தம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.