வால்வு பெட்டிக்குப் பொட்டு

அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, இருந்தார். திண்டிவனத்திலிருந்து வேன் கொண்டுவந்த டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஸ்டூல் மேல் நான். எனக்கு ஆறு வயசு. வேறு யாரும் இல்லை.

வீடு விழுப்புரத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில். முன்னறையை மாமா பிடித்துக்கொண்டு பல மாதம் ஆகியிருந்தது.

மாமா கிட்டார் வாசிப்பவர். திண்டிவனத்தில் ஒரு கச்சேரிக் குழு. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று போவார்கள். குழுக்காரரிடம் பழைய வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. உள்ளே எல்லாம் வால்வு. பல்பு மாதிரி கண்ணாடிக் குமிழ்கள். சூடேறினால்தான் பேசும். கிட்டார் வயரை அதில் செருகினால் சத்தம் தேன் மாதிரி தடிமனாக வரும். மற்றதில் செருகினால் தகரம்.

அந்தப் பெட்டியை மெட்ராஸ்காரர் ஒருவர் கேட்டார். குழுக்காரர் விற்க ஒத்துக்கொண்டார். கிட்டார் சத்தத்தையும் கீபோர்டு பையனே போட்டுவிடுவான், ஓர் ஆள் மிச்சம் என்று நினைத்தார். மாமா போய்ப் பேசினார். குழுக்காரர் சொன்னது இதுதான்:

"இதே மாரி ஒன்னு செஞ்சிக்கினு வா. இதே சத்தம் வரணும். வந்துச்சுன்னா நீ இரு. வரலைன்னா பேஜாரு பண்ணாத."

மெட்ராஸ்காரர் வந்து எடுத்துப்போகும் வரை பெட்டியைப் பார்க்கலாம், தூக்கிப்போகக் கூடாது என்றும் சொன்னார்.

மாமா ஞாயிறு தோறும் பஸ் ஏறித் திண்டிவனம் போனார். பெட்டியின் முதுகைத் திறந்து எது எதோடு சேர்கிறது என்று பார்த்தார். திரும்பி வந்து இங்கே அதேபோல் பற்றவைத்தார். அங்கே கறுப்பு வயர் என்றால் இங்கேயும் கறுப்பு. அங்கே ஒரு ஸ்க்ரூ கோணலாக இருந்தது. இங்கேயும் கோணலாகவே முடுக்கினார்.

அப்பா தச்சு வேலை. மரக்கூடு அவர் செய்தது. ஆட்டோ சீட்டு தைக்கும் கடையில் கறுப்பு ரெக்சின் வாங்கி மேலே ஒட்டினார். கோணல் ஸ்க்ரூவைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"நான் கோணலா அடிச்சா கூலி தர மாட்டான். ஒனக்கு கோணலா அடிக்கிறதே வேலையா மச்சான்?"

"அதுல எது சத்தம் போடுதுன்னு யாருக்குத் தெரியும்? இருக்கறது இருக்கட்டும்" என்றார் மாமா.

டிரான்ஸ்ஃபார்மரை ஸ்டெபிலைசர் சுற்றும் கடையில் கொடுத்துச் சுற்றினார். வால்வுகள் ஒரு பழைய மைக் செட்டிலிருந்து வந்தவை. பெரிய வால்வு இரண்டுதான் கிடைத்தது. மாற்று இல்லை. உடையாமல் இருக்கப் பஞ்சு சுற்றி, சமையலறையில் கேப்பை டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

கரண்டு விட்டுப் பார்க்கும்போது இடது கையை முதுகுப்பக்கம் லுங்கிக்குள் செருகிக்கொள்வார். வலது கை மட்டும் உள்ளே போகும். நான் அதேபோல் செய்துகாட்டுவேன். அம்மா சிரிப்பாள்.

வேன் வந்த அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் கோயில் கச்சேரி. குழுக்காரர் காது கொடுத்துக் கேட்கப்போவது அன்றுதான். டிரைவர் வந்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை.

"இன்னாங்க, பொட்டி பாடுமா, பொகை வுடுமா? ஜல்தியா ஏத்துங்க. போற வழியில மல்லாட்டை மூட்டை வேற ஏத்தணும்."

"மூட்டை மேல வெச்சிடாத. இது காலு கையி இல்லாத கொழந்த" என்றாள் அம்மா.

"கொழந்தைக்கி டிக்கெட் கெடையாதுங்க."

மாமா சிரிக்கவில்லை. அவருக்கு முகம் வேர்த்திருந்தது. உள்தகரத்தை மரக்கூட்டிலிருந்து எடுத்து மேசை மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார். வயர், கம்பி, பெரிய டப்பாக்கள் எல்லாம் மேலே தெரிந்தன. பெரிய வால்வு போடாமல் கரண்டு விட்டு ஒருமுறை பார்த்தார். சரியாக இருந்தது போல. சுவரில் சுவிட்சை அணைத்தார்.

"யாரும் கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வால்வு எடுக்கச் சமையலறைக்குப் போனார்.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டக் கூடாது. சைக்கிளுக்கு வைத்தோம். மிக்சிக்கு வைத்தோம். கேஸ் சிலிண்டருக்குக் கூட வைத்தோம். அதையும் வீட்டுப் பெண்பிள்ளை கையால் வைக்க வேண்டும். அம்மா கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தாள். அவள் பயந்தவள். சுவிட்ச் அணைந்திருந்தும் நம்பவில்லை. பிளக்கையே பிடுங்கி அப்பா கையில் கொடுத்தாள்.

"இத்த உடாம புடி."

அப்பா பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், மாட்டுக் கயிற்றைப் பிடித்த மாதிரி. என்னை ஸ்டூல் மேல் ஏற்றினாள்.

"ஒவ்வொன்னுக்கும் வெய்யி பாப்பா. பெருசா இருக்கறதுக்கு மொதல்ல."

விரல் முழுக்க ஈரச் சந்தனம். இடது கையால் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டப்பாவின் நுனியில் பளபளவென்று ஓர் ஈயப் புள்ளி. பொட்டு வைக்க நல்ல இடம். விரலை நீட்டினேன்.

மாமா உள்ளே வந்தது எனக்குத் தெரியாது. இரண்டு கையிலும் வால்வு. கத்தவும் இல்லை. ஸ்டூலை எட்டி உதைத்தார்.

நான் பின்னால் விழுந்தேன். முழங்கை தரைக்கல்லில் இடித்தது. மாமா நிலை தவறிச் சுவரில் மோதினார். ஒரு வால்வு கீழே போனது. பல்பு உடைகிற சத்தம்தான். பெரிதாக ஒன்றுமில்லை.

அம்மா என்னைத் தூக்கினாள். பிறகு தம்பியின் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"எம் பொண்ண எட்டி ஒதைக்கிறியாடா? பொட்டி பெருசா போச்சா ஒனக்கு?"

"கரண்டு இருக்குதுக்கா."

"எங்க இருக்குது? பிளக்கு அவரு கையில இருக்குது பாரு! கண்ணு தெரிலியா?"

அப்பா பிளக்கைத் தூக்கிக் காட்டினார். வாசலில் டிரைவர் எழுந்து நின்றான்.

 மாமா இன்னொரு வால்வை அலமாரியில் வைத்தார். கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வந்து மேசையடியிலிருந்து கரண்டு அளக்கிற மீட்டரை எடுத்தார். கறுப்பு வயரின் கிளிப்பைத் தகரத்தில் கவ்வவிட்டார். சிவப்பு முனையை, நான் பொட்டு வைக்கப்போன இடத்தில் வைத்தார். எண் வந்தது. அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிளக் இன்னும் கையில்தான் இருந்தது.

வேன் வெறுமனே போனது. அன்று திண்டிவனத்தில் கீபோர்டு பையன் வாசித்தான். அதற்கப்புறமும் அவன்தான். மாற்று வால்வு கிடைக்க மாசக்கணக்கில் ஆனது. பெட்டி நன்றாகவே பாடியது. எங்கள் முன்னறையில் பாடியது.

மாமா பெட்டிக்காகத்தான் என்னை உதைத்தார் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. அவர் வாங்கிவந்த பிஸ்கட்டைத் தொடவில்லை. அந்த டப்பாக்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டு கையும் பட்டால் அது நெஞ்சு வழியாகப் பாயும், வேலை முடிந்ததும் மாமா தினமும் அதை வடித்துவிட்டுத்தான் எழுவார், அன்று அவசரத்தில் விட்டுவிட்டார் என்பதெல்லாம் எனக்கு விளங்க வருஷங்கள் ஆயின. அன்றைக்கு எனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதனால் மீட்டரைப் பார்த்து அவர்கள் பேசியது காதில் விழுந்தும் அழுகையை நிறுத்தவில்லை.

அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"வூட்டு கரண்டு எவ்ளோ?"

"எரநூத்தி முப்பது" என்றார் அப்பா.

"இதுல?"

"நானூத்தி பன்னெண்டு."