நான் நிமிர்த்திய முதுகு

ஓசூர் கம்பெனியில் வளைந்த இரும்பு ஷாஃப்ட்டுகளை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி நேராக்குவது என் வேலை. பதினான்கு வயது மகளின் முதுகு ஒரு பக்கமாக வளைந்தபோது நான் டாக்டரைத் தேடவில்லை. இரும்பே நேராகிறது, எலும்பு ஆகாதா என்று நினைத்தேன். தினமும் காலையில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலால் அழுத்தினேன்.

"வலிக்குதுப்பா" என்பாள்.

"வலிச்சாத்தான் நேராவும்" என்பேன்.

ஒரு நாள் அவள் விலா எலும்பு உடைந்தது.

"முதுகு வளைஞ்ச பிள்ளைங்க சிலருக்கு எலும்பு அடர்த்தியும் கம்மியா இருக்கும். எப்படி உடைஞ்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"கட்டில்லேர்ந்து விழுந்துட்டேன் சார்" என்றாள் மகள்.

எங்கள் மத்திகிரி வாடகை வீட்டில் கட்டிலே கிடையாது.

இப்போதும் நான் வீட்டுக்குள் நுழைந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறாள்.