குலசாமி பெயர் இல்லாமல் பென்னலூர் போய் வந்த கதை

இந்தப் பக்கத்தில் இதுவரை மலை, அருவி, கடற்கரை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது வருங்கால மாமியார் வீடு. தை பிறந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்திலிருந்து பென்னலூருக்கு. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் எந்த மலையேற்றத்துக்கும் நான் இப்படித் தயங்கித் தயங்கிக் கிளம்பியதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. ஒரகடம் பக்கத்து வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. அங்கேயே வேலை பார்க்கும் முரளியும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தோம். முரளியின் அம்மா கஸ்தூரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அந்தப் பொண்ணோட கொலசாமி எது? அவளையே வந்து சொல்லச் சொல்லு." முதல் பத்திரிகையைக் குலசாமி முன்னால் வைக்காமல் அந்த வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை.

என் அப்பா சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அம்மா கோயிலுக்குப் போகிற குடும்பம். இரண்டு பக்கமும் கைகழுவிவிட்டதால் வீட்டில் கேக்கும் உண்டு, பொங்கலும் உண்டு, குலசாமி மட்டும் கிடையாது. அதற்காக நம்பிக்கையே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். என்னவோ இருக்கிறது, அதற்குப் பெயர்தான் இல்லை. முரளி சுலபமான வழி சொன்னான்: "எதனா ஒரு அய்யனார் பேர சொல்லிடு. அவ்ளோ தூரம் வந்து யார் பாக்கப்போறா?"

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஒன்பது மணிவாக்கில் பஸ் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் அரை மணி நேரம், விடாவிட்டால் அவர்கள் இஷ்டம். ஞாயிறு என்பதால் உட்கார இடம் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கிப் பெருமாள் கோயிலுக்குள் போனேன். பிடித்துப்போனால் இவரையே சொல்லிவிடலாம் என்று ஒரு திட்டம். பிடிக்கவும் செய்தது. கல்தரையின் குளிர்ச்சியும் துளசி வாசனையுமாக நன்றாகவே நின்றேன். ஆனால் காரியம் ஆக வேண்டும் என்பதற்காக இன்று முதல் நீங்கள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. புளியோதரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து பென்னலூருக்கு ஷேர் ஆட்டோ. நாலைந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எந்தக் கம்பனிமா, இன்டர்வியூவா?" என்றார்.

"அப்படித்தான் வச்சுக்கோங்கண்ணே."

"பயப்படாத. தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, தெரிலன்னா தெரிலன்னு சொல்லு. ரீல் வுட்டா கண்டுபுட்ச்சிருவாங்க."

முரளியை விட இவர் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்தூரி அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முன்பு நடவு, களை என்று வயல் வேலை. நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை. டீ வந்தது. முரளி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுமா. உங்க கொலசாமி எது?"

அய்யனார் பெயர் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. "எங்களுக்குக் குலசாமி இல்லம்மா," என்றேன்.

"அப்ப எதத்தான் கும்புடுவ?"

பஸ்ஸில் மனப்பாடம் செய்த பிரபஞ்சம், பேராற்றல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தெரிந்ததைச் சொன்னேன். பெரிய பிரஸ்ஸுக்குள் வேலை பார்க்க இறங்கும் ஒவ்வொருவரும் அதன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பூட்டும் எடுத்தாயிற்று என்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், மிஷினைப் போடலாம். அதுதான் விதி.

"ஆனா நான் ஒருதரம் உள்ள குனிஞ்சு, யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடுவேன்மா. பதில் வராதுன்னு தெரியும். கூப்பிடாமப் போட மனசு வராது. பயலுவ எல்லாம் சிரிப்பானுவ. கண்ணுக்குத் தெரியாட்டாலும் ஒரு உசிரு இருக்குன்னு நெனச்சே நடந்துக்கணும்லா? எனக்குச் சாமின்னா அவ்வளவுதான் தெரியும்."

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். முப்பது வயதுக்குப் பக்கத்தில், என் நம்பிக்கை இன்னதென்று முதல்முறையாக என் காதாலேயே கேட்டேன்.

கஸ்தூரி அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு முரளியைப் பார்த்து, "உனக்குக்கூட சொல்லல," என்றார். "போன வர்சம் பெல்ட்டுக்குக் கீழ பெருக்கினு இருந்தேன். நான் கீறதே தெரியாம ஒர்த்தன் மோட்டார போட்டுட்டான். முந்தானை மாட்டிக் கிழிஞ்சதோட போச்சு. எவனா ஒரு கொரல் குடுத்திருக்கலாம்."

முரளிக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

சாப்பாடு போடும்போது சாவகாசமாக மறுபடி ஆரம்பித்தார். "மொதப் பத்திரிக எங்க சாமிக்கு. அத நாங்க வெக்கிறோம். நீயும் வந்து நிக்கணும்."

"நிப்பேன்மா. ஆனா கும்பிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"யார் சொல்லச் சொன்னது? ரெண்டாவது பத்திரிக உன்து. எங்க வெக்கணும்னு தோணுதோ அங்க எட்த்துனு போய் வை. எங்க வெச்சன்னு நான் கேக்க மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் ஒரகடம் வரை தூங்கினேன். கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட வேண்டியிருந்தது.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு: ஞாயிறு காலையில் கிளம்புங்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலைப் பக்கம் போகாதீர்கள், பென்னலூரில் இறங்கியதும் பழம் வாங்கலாம் என்று நம்பாமல் ஸ்ரீபெரும்புதூரிலேயே வாங்கிவிடுங்கள். பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொண்டு போங்கள்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. என்னுடையதை வைத்துவிட்டேன். எங்கே என்று கஸ்தூரி அம்மா இதுவரை கேட்கவில்லை.